தொண்ணூறுக்கு ஒரு பிள்ளை குறைவு

என் மூக்கு இடது பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். போட்டோ எடுப்பவர்கள் எல்லாரும் என்னை நேராகப் பார்க்கச் சொல்வார்கள். நான் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். புதிதாகப் பழகுகிறவர்கள் பழைய சண்டைக்காரன் என்று நினைத்துக் கொஞ்சம் மரியாதை தருவதும் உண்டு. நான் அதைத் திருத்துவதில்லை. ஆனால் இங்கே உண்மையைச் சொல்லிவிடலாம். நான் யாரையும் அடித்தவன் அல்ல. என் அனுபவம் எல்லாம் வாங்குகிற பக்கத்தில்தான். இந்த மூக்கு உடைந்தது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றுக்காக. அரசாங்கத்துக்கு அது இன்றுவரை தெரியாது.

எண்பதுகளில் லண்டனுக்கு வந்தபோது ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை கிடைத்தது. ஒரு நாள் இரண்டு பேர் சுத்தியலோடு வந்து காசுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அந்தப் பெட்டி இறுகிக்கொள்ளும் பழக்கம் உடையது. அதை நான் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இல்லாமல் விளக்கத் தொடங்கினேன். ஊரில் ஆங்கில வாத்தியார் சொல்லித் தந்தபடி, நீளமான வாக்கியம். வினைச்சொல் வருவதற்குள் சுத்தியல் வந்துவிட்டது. காறை எலும்பு இரண்டாக உடைந்தது. அது பொருந்திய பிறகு, ஆபத்தே இல்லாத வேலை ஒன்று தேடினேன். அப்படித்தான் மனோர் பார்க்கில் ஒரு டொக்டரிடம் ரிசெப்ஷனில் போய் உட்கார்ந்தேன்.

லண்டனில் குடும்ப டொக்டர் நோயாளரைப் பார்க்கும் இடத்தைச் சேர்ஜரி என்பார்கள். பெயரைக் கேட்டு முதல் நாள் கத்தியும் இரத்தமும் இருக்கும் என்று பயந்துதான் போனேன். அங்கே இருந்ததோ மூக்கொழுகும் தடிமன், முதுகுவலி, வேலைக்கு லீவு கேட்டு எழுதிக்கொடுக்கும் துண்டு, அவ்வளவுதான். இரத்தம் பிறகு வந்தது. அதில் பெரும்பங்கு என்னுடையது.

டொக்டர் தமிழ்நாட்டுப் பெண்மணி, மதுரைப் பக்கம். வருகிறவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துச் சனம். டொக்டருக்கு எங்கள் பேச்சு பாதிதான் விளங்கும், எங்களுக்கு அவருடைய வேகம் விளங்காது. தமிழில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க நான் தேவைப்பட்டேன். மூன்றாவது ஆள், யமேக்காவில் பிறந்த நேர்ஸ். கதவு அளவு அகலமான பெண். உலகத்தில் எல்லாரையும் 'டார்லிங்' என்று கூப்பிடுவார். கெட்ட வார்த்தையில் திட்டும்போதும் முடிவில் அந்த 'டார்லிங்' வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் டொக்டர்மாருக்குப் புதிய ஒப்பந்தம் ஒன்று கொண்டுவந்தது. உங்கள் பட்டியலில் இருக்கிற இரண்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தடுப்பூசி போட்டு முடித்திருந்தால் பெரிய தொகை. எழுபதைத் தாண்டியிருந்தால் சின்னத் தொகை. எழுபதுக்குக் கீழே என்றால் ஒரு சதமும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கணக்குப் பார்ப்பார்கள்.

"எண்பத்தொன்பதரை வாங்கினாலும் எழுபது வாங்கினவனுக்குக் குடுக்கறதுதான் நமக்கும். இது என்ன தம்பி பரீட்சை?" என்றார் டொக்டர்.

"நான் படிக்கேக்கை முப்பத்தைஞ்சு எடுத்தாலே பாஸ், டொக்டர்."

"அதனாலதான் நீங்க ரிசெப்ஷன்ல இருக்கீங்க."

சிரித்தோம். ஆனால் அந்தப் பெரிய தொகையை நம்பித்தான் டொக்டர் நேர்ஸை வேலைக்கு வைத்திருந்தார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆகவே ஊசி போடாத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உண்மையாகவே தலையில்.

முதல் வீட்டில் நாய். இரண்டாவது வீட்டில் ஊசி என்பதே அரசாங்கத்தின் சதி என்று நம்பிய ஒரு வெள்ளைக்காரத் தகப்பன். நான் துண்டுப் பிரசுரத்தை நீட்டினேன், அவர் தேநீர்க் கோப்பையை எறிந்தார். தேநீர் சூடு, கோப்பை கனம். மூன்றாவது வீட்டில் ஒரு தாய் பிள்ளையைத் தந்துவிட்டு 'நீயே வைத்திரு' என்று கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம் கழித்துத்தான் திறந்தார். அதற்குள் பிள்ளை என் காதைக் கடித்திருந்தது.

இப்படிக் கடி, உதை, கொதிநீர் எல்லாம் கண்டு எண்பத்தொன்பது சொச்சத்துக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரு பிள்ளை போதும்.

அந்தப் பிள்ளை எது என்பதும் தெரியும். ஜெர்மனியில் சில காலம் அகதியாக இருந்துவிட்டு வந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது போடவேண்டியதெல்லாம் ஜெர்மனியிலேயே போட்டாயிற்று. சின்னமுத்து என்று நாங்கள் சொல்லும் தட்டம்மைக்கான ஊசி மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு நேசரிப் பள்ளியில் சின்னமுத்து வந்திருப்பதாகத் தாய்மார் கதைத்துக்கொண்டார்கள். தாயோ வயிற்றில் அடுத்த பிள்ளையோடு இருந்தாள்.

அவள் வராமலும் இல்லை. புதன்கிழமை பின்னேரம் எங்கள் குழந்தைகள் கிளினிக். எங்கள் சனத்துக்கு முந்திப் போய் நிற்காவிட்டால் நித்திரை வராது. கதவு திறக்க முன்னரே வாசலில் இருந்து பஸ் தரிப்பிடம்வரை தள்ளுவண்டிகளோடு தாய்மார் வரிசையாக நிற்பார்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். நீலக் கோட்டுப் போட்ட அந்தப் பெண் மகளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைவரை வருவாள். வரிசையைப் பார்ப்பாள். திரும்பிப் போய்விடுவாள். அடுத்த கிழமையும் அப்படியே.

டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் குவார்ட்டர் முடியறதுக்குள்ள வரலேன்னா அந்தக் குடும்பத்த லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க."

"எடுத்தால்?"

"பிள்ள லிஸ்ட்ல இல்லேன்னா கணக்குலயும் இல்ல. தொண்ணூறு தானா வந்துடும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரத்தான் செய்தது. பிள்ளைக்கு ஊசி போட்டாலும் தொண்ணூறு தாண்டும், பிள்ளையைத் துரத்தினாலும் தொண்ணூறு தாண்டும். அரசாங்கத்துக்கு இரண்டும் ஒன்று. ஆனால் துரத்தினால் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் கதைக்க ஒரு டொக்டர் வாசலும் இருக்காது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி வேறெங்கோ கையால் சைகை காட்டிக்கொண்டு நிற்பாள். மகள் ஊசியில்லாமலே திரிவாள்.

"நான் ஒருக்கால் வீட்டை போய்க் கதைச்சுப்போட்டு வாறன், டொக்டர்."

"போங்க. ஆனா இந்தத் தடவை கொஞ்சம் டீசன்டா போங்க. உங்களப் பாத்தா யாருக்கும் அடிக்கணும்போல இருக்கு."

அந்த அறிவுரைதான் என்னைக் கெடுத்தது. கோட் போட்டேன். சப்பாத்தை மினுக்கினேன். கையில் ஒரு பைல். தலையை எண்ணெய் வைத்து வாரி, அவர்களுடைய கதவை நாலு தட்டுத் தட்டினேன்.

அந்தக் காலத்தில் லண்டனில் இருந்த தமிழருக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டும் பைலுமாக ஒரு தமிழன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் ஊரில் நடக்கும் யுத்தத்துக்குக் காசு சேர்க்க வந்தவர். மெல்லிய சிரிப்பு வைத்திருப்பார். வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிப்பார்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஒரு ஆணின் கண் தெரிந்தது.

"ஆர்?"

நான் மெல்லிய சிரிப்பு ஒன்றை வைத்தேன். "வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள்?"

"ஏன்?"

"இல்லை, இந்த ஏரியாவிலை எல்லாரும் செய்து முடிச்சிட்டினம். உங்கடை மட்டுந்தான் மிச்சம். நீங்களும் ஒத்துழைச்சால் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

கதவைச் சாத்தினார். சங்கிலியைக் கழற்றும் சத்தம் கேட்டது. மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். மாறித்தான் இருந்தார். கையில் தேங்காய் திருவுகிற திருவலையோடு வந்தார். ஊரில் இருந்து ஜெர்மனிக்கும் ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கும் கட்டிச் சுமந்துவந்த பலகைத் திருவலை, முனையில் இரும்புப் பல்லு. அந்தப் பல்லு முகத்தில் இறங்காமல் பலகைப் பக்கம் நெற்றியில் இறங்கியது என் அதிர்ஷ்டம். நான் படியில் விழுந்தேன். அடுத்தது தோளில், சரியாகப் பழைய காறை எலும்பில்.

"தந்தது காணாதோடா? தந்தது காணாதோ? நான் கோழிக்கடையிலை செத்துச் செத்துக் காசு உழைக்க..." ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு உதை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இரத்தம் வந்து வாய்க்குள் இறங்கியது. அந்த நிலையிலும் மனம் ஆங்கிலத்தில் ஒரு நீள வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண் கத்தினாள். "இஞ்சேருங்கோ! விடுங்கோ! உவர் ஊசி போடுற இடத்து அண்ணை!"

அவர் நின்றார். மூன்றாம் அடிக்குத் தூக்கிய திருவலை மேலேயே நின்றது. "ஊசியோ?"

"ஊசி" என்றேன் நான்.

என்னைத் தூக்கிப் போய் சோபாவில் படுத்தினார்கள். ஐஸ் இல்லையாம். உறைபெட்டிக்குள் இருந்து ஒரு பாரை மீன் பொதியை எடுத்து நெற்றியில் வைத்து அழுத்தினார் அந்த மனிதர்.

"அண்ணை, மன்னிக்கோணும். காசுக்கு வந்த ஆள் எண்டு நினைச்சிட்டன். போன கிழமையும் வந்து நிண்டவை."

"பரவாயில்லை. மீன் நல்ல குளிர்."

"தேத்தண்ணி போடட்டோ?"

"போடுங்கோ. கோப்பையை மட்டும் எறியாதையுங்கோ."

அவர் குசினிக்குள் போனார். அவள் என் எதிரில் நிலத்தில் இருந்தாள், மகளை மடியில் வைத்துக்கொண்டு. மகள் என் நெற்றி மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கேட்டேன், தெருமுனைவரை வந்துவிட்டு ஏன் திரும்பிப் போகிறாள் என்று. உள்ளே வந்தால் ஒரு நிமிட வேலை என்றேன்.

"ஜெர்மனியிலை அறைக்குள்ளை கூப்பிட்டுப் போட்டவை அண்ணை. இஞ்சை லைன்."

"லைனிலை என்ன?"

அவள் மகளுடைய தலைமயிரைக் கோதிக்கொண்டே சொன்னாள். பெரிதாகச் சத்தம் வைக்கவில்லை.

"எனக்கு இவளுக்கு முதல் ஒரு மகன். ஊரிலை பள்ளிக்கூடத்துக்குள்ளை ஊசி போட்டவை. சரியான சனம். தாய்மார் எல்லாரும் கையிலை கார்டோடை லைனிலை. வெயில். எனக்குத் தண்ணி விடாய்ச்சது. பிள்ளையைத் தங்கச்சியிட்டைக் குடுத்திட்டு, 'இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லு, வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் பைப்படிக்குப் போனன். ஆமி ஹெலிகொப்டர் வந்தது. கையிலை தண்ணியை ஏந்தினபடிதான் நிண்டனான். திரும்பிப் பாத்தால் லைன் இல்லை, அண்ணை. லைன் நிண்ட இடத்திலை நிலம் எரியுது. செருப்புகள் மட்டும் வரிசையாக் கிடக்குது. தங்கச்சி என்ரை இடத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தவள்."

குசினிக்குள் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"இஞ்சை முனையிலை வந்து பாக்கிறன். அதே லைன். அதே மாதிரிக் கார்ட். லண்டன் எண்டு தெரியும். மூளை சொல்லுது, கால் கேக்குதில்லை."

எனக்குப் பகிடி எதுவும் வரவில்லை. என் வாழ்வில் அபூர்வமாக நடப்பது அது. மீன் உருகி என் கழுத்துவழியே ஒழுகிக்கொண்டிருந்தது.

நெற்றியில் தையலோடு அடுத்த நாள் சேர்ஜரிக்குப் போய் டொக்டரிடமும் நேர்ஸிடமும் சொன்னேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"லிஸ்ட்ல இருந்து எடுக்க வேணாம்" என்றார். பிறகு, "மத்தியானம் வரச் சொல்லுங்க. ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. தனியா வந்து போட்டுட்டுப் போகட்டும்."

அங்கேயே ரெலிபோன் எடுத்தேன். மறுபக்கத்தில் அவள்தான் எடுத்தாள். மத்தியானம் வரச் சொன்னேன்.

"ஒருத்தரும் இல்லாத நேரமோ அண்ணை?"

"ஓம். நீங்களும் பிள்ளையும் மட்டும்."

"ஐயோ, வேண்டாம். ஊரிலை 'தனிய வா, ஒரு சின்ன விசாரணை' எண்டு கூப்பிட்டுப் போன ஆக்கள் திரும்பி வந்ததை நான் காணேல்லை. சனம் இருக்கிற நேரம் சொல்லுங்கோ."

"சனம் இருந்தால் லைன் இருக்குமே, தங்கச்சி?"

"அதுதான்" என்றாள் அவள், நான் ஏதோ அவளுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துச் சொன்னமாதிரி.

வீட்டுக்கே போய்ப் போடலாமா என்று நேர்ஸைக் கேட்டேன். ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் தன்னுடைய சாமான் எல்லாம் பக்கத்தில் இருக்கவேண்டும், சோபாவில் வைத்துத் தான் ஒரு பிள்ளையையும் சாகவிடமாட்டேன், டார்லிங், என்றார். நியாயம்தான்.

ஆக, சனம் வேண்டும், வரிசை கூடாது. நான் முதலில் செய்தது முட்டாள்தனம். வரிசையில் நிற்கவேண்டாம், நம்பர் துண்டு தருகிறேன், வெளியே உலாவிவிட்டு வாருங்கள் என்று தாய்மாருக்கு அறிவித்தேன். அடுத்த புதன் நம்பர் துண்டு வாங்குவதற்கு வரிசை நின்றது. அது பழைய வரிசையைவிட நீளம். நீலக் கோட்டு முனைவரை வந்துவிட்டுத் திரும்பியது.

கணக்கு முடிய இன்னும் ஒரு புதன்கிழமைதான் மிச்சம். அடுத்த நாள் மத்தியானம் எதிர்க் கடையில் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. எங்கள் சனம் வரிசை நிற்காத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், பிறந்தநாள் விழா. சாப்பாடு வெளியே வரும்வரைக்கும் ஒருவரும் வரிசைக்கு வரமாட்டார்கள். மூலைக்கு மூலை கூடி நின்று மற்றவளுடைய சேலையைப் பார்ப்பார்கள்.

"சேர்ஜரிலயா? யாருக்குப் பர்த்டே?" என்றார் டொக்டர்.

"உங்களுக்கு."

"எனக்கு அது ஆறு மாசம் முன்னாடியே முடிஞ்சுபோச்சே!"

"சனத்துக்குத் தெரியாது டொக்டர்."

நேர்ஸுக்கு மொழிபெயர்த்தேன். அவர் மேசையில் அடித்துச் சிரித்துவிட்டு, கேக்கைத் தானே சுட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை மனோர் பார்க்கில் எங்கள் சேர்ஜரியைப்போல் ஒன்று இருந்திருக்காது. காஞ்சிபுரம் சேலைகள். மல்லிகை வாசமும் டெட்டோல் மணமும் சேர்ந்து ஒரு மயக்கம். யாரோ வீடியோக் கமராவைக்கூடக் கொண்டுவந்திருந்தார். தெருப்பக்கத்துப் பெரிய யன்னல் முழுக்க நான் பலூன் கட்டியிருந்தேன், சிவப்பும் மஞ்சளுமாக. வரிசை கிடையாது. ரோல்ஸ் எல்லாம் உள் அறையில் பூட்டு. நேர்ஸ் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப்போய்க் குத்திவிட்டுக் கேக்கோடு திருப்பி அனுப்பினார். டொக்டரிடம் எல்லாரும் வயதைக் கேட்டார்கள். அவர் என்னை முறைத்தார்.

நீலக் கோட்டு முனைக்கு வந்தது. புருஷனும் கூட வந்திருந்தார். வாசலைப் பார்த்தாள். வரிசை இல்லை. உள்ளே சிரிப்புச் சத்தம். அவள் நடந்தாள். உள்ளே வந்து, கேக் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் மகளோடு இருந்தாள். நேர்ஸ் மருந்தை ஊசிக்குள் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்தக் கணம் நான் என்னை ஒரு மேதை என்று நினைத்தேன். நான் அப்படி நினைக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ எனக்கு ஒரு அடி வரும்.

அந்த நாட்களில் தலையை மழித்த வெள்ளைக்காரப் பொடியன்கள் கூட்டமாகத் திரிவார்கள். கறுத்த முகத்தைக் கண்டால் துப்புவார்கள், அடிப்பார்கள். கடைக் கண்ணாடிகள் உடையும். அன்று தெருவால் போன ஒரு கூட்டத்துக்கு, பட்டுச் சேலை கட்டிய சனம் பலூன் கட்டிய யன்னலுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்பது பொறுக்கவில்லை. ஒரு முழுச் செங்கல் வந்தது. கண்ணாடி முழுவதும் உள்ளே கொட்டியது. அதோடு நான் கட்டிய பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. பட், பட், பட், பட்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த வீடியோவில் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒருவரும் கத்தவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் நிலத்தில் குப்புறக் கிடந்தது, பிள்ளைகள் அடியில், தாய்மார் மேலே, முழங்கை ஊன்றி, குண்டு விழும்போது ஊரில் பழகியமாதிரி வாயைத் திறந்தபடி. பட்டுச் சேலையோடு, கமராவோடு. முதலில் விழுந்தவன் நான்தான். நிமிர்ந்து நின்றவர்கள் இரண்டே பேர், கையில் ஊசியோடு நேர்ஸும், நடுவில் டொக்டரும்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் படுத்துட்டீங்க?" என்றார் டொக்டர். இரண்டாவது செங்கல் அவர் காதோரம் போய்ச் சுவரில் மோதியது. அவரும் விழுந்தார், கண்ணாடித் துண்டுகளின் மேல், முழங்காலில்.

யாரோ கதவை உதைத்தார்கள். உள்ளே வந்துவிட்டால் இத்தனை பிள்ளைகளும் நிலத்தில். நான் ஓடிப்போய்க் கதவில் சாய்ந்தேன். வீரம் என்று எழுத ஆசைதான். ஆனால் கதவுக்கு மிகக் கிட்ட விழுந்து கிடந்தவன் நான். அடுத்த உதைக்குக் கதவு பாதி திறந்து, அதன் விளிம்பு என் மூக்கில் இறங்கியது. மூக்குக்குள் ஒரு விறகு முறிந்த சத்தம். இடைவெளியால் ஒரு கை உள்ளே வந்து என் தலைமயிரைப் பிடித்தது. விரல்களில் தடித்த மோதிரங்கள். அந்தக் கை என் முகத்தைக் கதவோடு மோதியது, திரும்பவும் மோதியது.

திருவலைக்காரர் வந்தார். இம்முறை திருவலை இல்லை, இரும்புக் கதிரை. கதிரையை மடக்கி அந்தக் கையில் ஒரே அடி. வெளியே ஒருவன் ஊளையிட்டான். கை போய்விட்டது. நாங்கள் இருவரும் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தோம். உதைகள் எங்கள் முதுகெலும்புக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"அண்ணை, இந்த முறை சரியான ஆளைத்தானே அடிச்சனான்?" என்றார் அவர் மூச்சு வாங்க.

"ஓம்" என்றேன். வாய் முழுக்க இரத்தம்.

அங்கேயிருந்துதான் கேக் மேசைக்குக் கீழே பார்த்தேன். அவள் அங்கே கிடந்தாள், மகளை நெஞ்சுக்குக் கீழே அடக்கி. அவள் முகத்தில் பயம் இல்லை. தெருமுனையில் நிற்கும்போது இருந்த பயம் எதுவுமே இல்லை. இத்தனை நாளும் எது வரும் என்று பயந்தாளோ அது வந்துவிட்டது. வந்தபோது பிள்ளை வேறு யாருடைய கையிலும் இல்லை. அவள் கையை நீட்டி, இன்னமும் திகைத்து நின்ற நேர்ஸின் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். அந்த அகலமான மனுஷி மரம் சாய்ந்தமாதிரிச் சாய்ந்தார். ஊசி பிடித்த கையை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தார்.

"படுங்கோ, படுங்கோ" என்று அவருக்குத் தமிழில் சொன்னாள். பிறகு மகளின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "இப்ப போடுங்கோ."

நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது. என்னுடைய மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. மேசைக்குக் கீழே வயிற்றால் ஊர்ந்து போய், இரண்டு பெண்களும் முகத்துக்கு முகம் கிடக்க, ஊசியைப் போட்டார். எங்கள் முதுகில் கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. பிள்ளை வீரிட்டு அழுதது. செங்கல் வந்தபிறகு அந்த அறையில் முதலில் அழுதது அதுதான். அதைக் கேட்டபிறகு மற்றப் பிள்ளைகளும் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் உதை நின்றது. ஓடுகிற சப்பாத்துச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

பொலிஸ் பிறகு வந்தது, ரோல்ஸ் சாப்பிட்டது, டொக்டருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னது. முழங்காலில் கட்டோடு அவர் நன்றி சொன்னார்.

நான் ஆஸ்பத்திரியில் இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சோடு இருந்தபோது டொக்டர் பார்க்க வந்தார்.

"தொண்ணூறு தாண்டிட்டோம் தம்பி" என்றார் பக்கத்தில் இருந்துகொண்டு. குரலில் வெற்றி எதுவும் இல்லை. "அரசாங்கத்துக்குப் பிள்ளயோட வலது கையா இடது கையான்னு மட்டும்தான் எழுதணும். மேசைக்குக் கீழன்னு எழுத இடமே இல்ல."

பெரிய தொகை வந்தது. யன்னலுக்குப் புதிய கண்ணாடியும், அதற்கு வெளியே இரும்புக் கம்பியும் போட அதில் ஒரு பங்கு போனது. நேர்ஸ் வேலையில் தொடர்ந்தார். வரிசை முறையை டொக்டர் நிரந்தரமாக நிறுத்திவிட்டார். வந்தவர்கள் விரும்பிய இடத்தில் இருப்பார்கள், நேர்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போவார். யார் முதல் என்று சண்டை வரும். அந்தச் சண்டையைத் தீர்க்கப் போய் எனக்கு விழுந்த அடிகளைத் தனியாக எழுதலாம்.

அடுத்த பிள்ளை பிறந்து ஊசிக்கு வந்தபோது அவள் முனையில் நிற்கவில்லை. நேரே வந்தாள். கதவைத் திறந்ததும் முதலில் மேசை எங்கே என்று பார்த்தாள். அது பழைய இடத்தில்தான் இருந்தது. இடத்தை அடைக்கிறது, மாற்றுங்கள் என்று டொக்டர் சொன்னபோதெல்லாம் நான் காது கேளாதவன்போல் இருந்துவிட்டேன். அவள் அதற்குப் பக்கத்துக் கதிரையில் கைக்குழந்தையோடு இருந்தாள். இரண்டு வயது தாண்டிவிட்ட மகள் மேசைக்கு அடியில் புகுந்து விளையாடியது.

"அண்ணை, மூக்கு இன்னும் நேராகேல்லையே? ஒப்பரேசன் செய்வினம் எண்டு சொன்னியள்?"

"செய்வினம் தங்கச்சி. எனக்கு முன்னாலை கனபேர். லைனிலை நிக்கிறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, நான் அவளிடம் ஒருநாளும் கண்டிராத ஒரு சிரிப்பு, மெல்ல, ஒரு பக்க உதட்டில் தொடங்கியது.

"அப்ப கவனமா நில்லுங்கோ, அண்ணை" என்றாள்.